கோத்தகிரி லாங்வுட் சோலை காலை நடை: ஸ்பீக்கர் இல்லாம குருவி காட்டுற ஒரு கைடு பத்தி

எங்க ஊரு திருப்பூர். நானும் அம்மாவும் போன ஏப்ரல் கடைசில கோத்தகிரி போயிட்டு வந்தோம், ரெண்டு நாள் தங்கல், அதுல ஒரு காலைப்பொழுது முழுக்க லாங்வுட் சோலைக்குள்ள ஒரு லோக்கல் கைடு தம்பியோட பறவை பாக்க நடந்தோம். அந்த நடை பத்திதான் இந்த ரிவ்யூ. ரூம், சாப்பாடு எல்லாம் இதுல இல்ல. ரேட்டிங் முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலரை, அந்த அரை எதுக்கு குறைஞ்சதுன்னு கீழ சொல்றேன்.

நான் போனதே ஒரே ஒரு குருவிக்காகத்தான். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். பேருக்கு ஏத்த மாதிரியே இருக்கும், ஆண் குருவிக்கு தலையும் றெக்கையும் கரிக்கருப்பு, மிச்ச உடம்பு பூரா, வால் உட்பட, நல்லா பழுத்த கமலாப்பழ நிறம். பெண்ணுக்கு அந்த கருப்பு இருக்கற இடத்துல மங்கலான பழுப்பு, கண்ணைச் சுத்தி வெளுப்பா ஒரு வளையம். மூக்குல இருந்து வால் வரைக்கும் அளந்தா 11, 12 சென்டிமீட்டர், நம்ம வீட்டுச் சிட்டுக்குருவியை விட சின்னது. உலகத்துலயே தென்னிந்திய மேற்குத் தொடர்ச்சி மலையோட உயரமான காடுகள்ல மட்டும்தான் இருக்கு, நீலகிரி, பழனி மலை, ஆனைமலை இந்த மாதிரி இடம். 1839-ல ஜெர்டன்னு மதராஸ் ராணுவத்துல இருந்த ஒரு டாக்டர் இதை அறிவியல் உலகத்துக்கு எழுதி வச்சார். ஆனா படுகர், தோடர், கோத்தர்னு இந்த மலையிலேயே வாழ்ந்தவங்க கண்ணுல அதுக்கு முன்னாடி எத்தனை நூறு வருஷமா பட்டிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இதுக்கு முன்னாடி ஒருதடவை இந்தக் குருவியை நான் பாத்திருக்கேன், வேற ஒரு மலை ஊர்ல, வேற ஒரு கைடோட. அதைச் சொல்லாம இந்த ரிவ்யூ முழுசாகாது. அவர் பேரு ஊரு எதுவும் போட மாட்டேன். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா, புதர் ஓரமா எங்க நாலு பேரை நிக்க வச்சுட்டு பாக்கெட்ல இருந்து ஒரு குட்டி புளூடூத் ஸ்பீக்கரை எடுத்து ஒரு கல்லு மேல வச்சார், போன்ல அந்தக் குருவியோட சத்தத்தை போட்டு விட்டார், அரை நிமிஷம்கூட ஆகல, ஆண் குருவி வெளிய வந்துடுச்சு. எங்களுக்கு ஒரே சந்தோஷம். மூணு அடி தூரத்துல குருவி, படபடன்னு போட்டோ எடுத்தோம். அது ஸ்பீக்கரையே சுத்திச் சுத்தி பறந்துச்சு, கிளைக்குப் போகும், திரும்ப வரும், கல்லு மேலயே உக்காரும், எதிரி எங்கடா இருக்கான்னு தேடும். ரூமுக்கு வந்து லேப்டாப்ல போட்டோவை பெருசு பண்ணிப் பாத்தப்பதான் அது வாயில ஒரு பச்சைப் புழு இருந்தது தெரிஞ்சுது. முதல் போட்டோவுலயும் புழு இருக்கு, பதிமூணாவது போட்டோவுலயும் அதே புழு இருக்கு, அதுக்கப்புறம் எடுத்ததுல இல்ல. தின்னுச்சா கீழ போட்டுச்சான்னு தெரியாது. எங்கயோ குஞ்சுக்கு எடுத்துட்டுப் போயிட்டிருந்த புழு அதுன்னு எனக்கு அப்ப புரியல. அந்த போட்டோவை ஸ்டேட்டஸ் வச்சேன், எல்லாரும் ஹார்ட் போட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு பறவை பாக்கற ஒரு சீனியர் அந்த போட்டோ பாத்துட்டு, "ஏம்மா, இது கூடு கட்டுற சீசன்ல எடுத்ததா, சத்தம் போட்டு கூப்பிட்டாங்களா?"ன்னு கேட்டார். அப்புறம் பொறுமையா சொல்லிக் குடுத்தார். இந்தக் குருவி தனக்குன்னு ஒரு எல்லை வச்சிருக்கும், அதுக்குள்ள இன்னொரு ஆண் சத்தம் கேட்டா வேற ஒருத்தன் வந்து குந்திக்கிட்டான்னு நினைச்சு எல்லா வேலையும் விட்டுட்டு சண்டைக்கு வரும், அந்த நேரத்துல கூட்டுல இருக்கறதுக்கு காவலும் இல்ல தீனியும் இல்ல, அதுவும் வெட்டவெளில நின்னுட்டு கத்துற குருவியை வல்லூறு தூக்கிட்டுப் போக எவ்ளோ நேரம் ஆகும், இதையே ஒரு நாளைக்கு மூணு கோஷ்டி வந்து பண்ணா அது என்னத்துக்கு ஆகும்னு. அந்த போட்டோவை நான் எடுத்துட்டேன், ஆனா மனசுல இருந்து போகல.

அதனால இந்த தடவை கைடு தேடுறப்ப நான் எல்லாருக்கும் போன் பண்ணி கேட்ட முதல் கேள்வி ரேட் இல்லீங்க, "ஸ்பீக்கர் போடுவீங்களா?"ன்னுதான். ரெண்டு பேரு "கண்டிப்பா காட்டிடுவோம் மேடம், கவலையே படாதீங்க"ன்னாங்க. இந்த தம்பி மட்டும், "இல்லக்கா, நான் போட மாட்டேன், பாத்தா பாப்போம், பாக்கலைன்னா காட்டைப் பாப்போம், அது ஓகேன்னா வாங்க"ன்னார். அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

ரேட் ரெண்டு பேருக்கு 2,500 ரூபா, காலை ஆறு மணில இருந்து பத்தரை வரைக்கும். வனத்துறை அனுமதி வாங்குறது அவர் பொறுப்பு, அது ரிசர்வ் காடு, நாமளா நேரா உள்ள நடந்து போக முடியாது. அட்வான்ஸ் 500 ஜிபேல போட்டோம், மிச்சம் முடிஞ்சப்புறம் குடுத்தோம். முதல் நாள் சாயங்காலமே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார், செவப்பு மஞ்சள் வெள்ளை துணி வேண்டாம், சென்ட் அடிக்காதீங்க, அம்மாவுக்கு முட்டி வலின்னீங்களே, கைக்கோல் நான் கொண்டாறேன், காபி குடிச்சுட்டு வாங்க ஆனா நிறைய குடிக்காதீங்க, உள்ள பாத்ரூம் கிடையாதுன்னு. கடைசி ரெண்டும் எங்கம்மாவுக்கு ரொம்ப புடிச்சுப்போச்சு. அவங்களுக்கு 63 வயசு, பனியன் கம்பெனில முப்பது வருஷம் செக்கிங் டேபிள்ல நின்னே வேலை பாத்த முட்டி அது. எந்த டூர்லயும் யாரும் அவங்க முட்டியை முன்கூட்டியே யோசிச்சது இல்ல.

லாங்வுட் சோலை கோத்தகிரி டவுன்ல இருந்து ரொம்ப பக்கம், சுத்தியும் டீ தோட்டம், வீடு, ரோடு, நடுவுல 116 ஹெக்டேர்ல இந்த ஒரு காடு மட்டும் பழசா நிக்குது. 2024-ல இதை ராம்சார் லிஸ்ட்ல சேத்தாங்க, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு. எனக்கு முதல்ல புரியல, ஈரநிலம்னா ஏரி குளம்தானே, இது காடாச்சேன்னு. உள்ள போனப்புறம் புரிஞ்சுது. காலை வச்சா தரை மெத்துன்னு அமுங்குது. எத்தனையோ வருஷத்து எலை மக்கி மக்கி பஞ்சு மாதிரி ஆகி கிடக்கு, மரத்துல பாசி தொங்குது, பெரணி ஆளுயரம் நிக்குது, எங்கயோ கண்ணுக்குத் தெரியாம தண்ணி சொட்டுற சத்தம் மட்டும் கேட்டுட்டே இருக்கு. மழைக்காலத்துல குடிச்ச தண்ணியை அந்த மண்ணு வெயில்காலம் பூரா கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டே இருக்கும், சுத்தி இருக்கற ஊர்களுக்கு குடிதண்ணி இதுல இருந்துதான் போகுது. வெளிய ஏப்ரல் வெயில், உள்ள ஸ்வெட்டர் போட்டுட்டே நடந்தோம்.

கைடு தம்பி பத்தி சொல்லணும். முப்பது வயசு இருக்கும், பக்கத்து ஹட்டிக்காரர் (படுகர் ஊரை ஹட்டின்னுதான் சொல்வாங்க), வீட்டுல இருந்து போன் வந்தா படுக மொழில மெதுவா ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சுடுவார். அவங்க தாத்தா இந்த சோலைல விறகு பொறுக்கியிருக்காராம், இவர் இப்ப யாராவது விறகு வெட்டுறாங்களான்னு பாத்துட்டு இருக்கார். அவர் நடக்கறதே தனி. நாலு எட்டு வைப்பார், நிப்பார், ரெண்டு நிமிஷம் சும்மா நிப்பார். முதல் அரை மணி நேரம் எனக்கு பொறுமை போச்சு, இப்படியே போனா பத்தரைக்குள்ள என்னத்த பாக்கறதுன்னு. அம்மாவுக்குத்தான் அது சரியா இருந்துச்சு, மூச்சு வாங்கல, முட்டிக்கும் ரெஸ்ட். அப்புறம் எனக்கும் காது திறந்த மாதிரி ஆச்சு. முதல்ல எல்லாமே ஒரே இரைச்சலா கேட்டது, அப்புறம் தனித்தனியா பிரிஞ்சு கேட்டது. தூரத்துல யாரோ கெக்கலி கொட்டி சிரிக்கற மாதிரி கேக்குதே, அது நீலகிரி சிரிப்பான். புதருக்குள்ள தரையில இருந்து நீளமா விசில் அடிக்கற மாதிரி வர்றது சோலக்கிளி.

சோலக்கிளின்னதும் அம்மா பச்சைக்கிளியைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க. இது கிளி இல்ல. கருநீலமா, புருவத்துல மட்டும் வெளிர் கோடு போட்ட மாதிரி, ஒசரமான காலோட தரையில ஓடி ஓடி பூச்சி பொறுக்கற சின்னக் குருவி. விடியக்காலமும் இருட்டுற நேரமும்தான் பாதைக்கு வரும். நாங்க பாத்தது ஒரு ஆறு செகண்ட் இருக்கும், பாதை வளைவுல நின்னு எங்களைப் பாத்துச்சு, வயித்துப் பக்கம் செங்கல் கலர் தெரிஞ்சுது, உள்ள ஓடிடுச்சு. கொடைக்கானல்ல நான் இதைப் பாத்திருக்கேன், அங்க வயிறு வெள்ளையா இருந்துச்சேன்னு சொன்னேன். அந்த தம்பி முகம் மலர்ந்துடுச்சு. "கரெக்டா பாத்திருக்கீங்கக்கா, அது வேற இது வேற"ன்னு ஆரம்பிச்சார். பாலக்காட்டு கணவாய்க்கு வடக்க இருக்கறது நீலகிரி சோலக்கிளி, தெக்க இருக்கறது வெள்ளை வயித்து சோலக்கிளி. மலை முப்பது கிலோமீட்டருக்கு மேல அறுந்து கிடக்கு, இந்தக் குருவி வெயில் அடிக்கற வெட்டவெளியைத் தாண்டாது, குளிர்ந்த காட்டை விட்டு இறங்காது, அதனால லட்சக்கணக்கான வருஷமா ரெண்டு பக்கமும் தனித்தனியா வாழ்ந்து வேற வேற இனமாவே ஆயிடுச்சு. ரொம்ப நாள் இதை எந்தக் குடும்பத்துல சேக்கறதுன்னே தெரியாம மாத்தி மாத்தி வச்சிருந்தாங்களாம், 2017-ல நம்ம நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டு ஆளுங்களோட சேந்து மரபணு பாத்து இது உலகத்துல வேற எங்கயும் இல்லாத தனிப் பேரினம்னு சொல்லி, சோலிகோலான்னு பேரே வச்சுட்டாங்க. அறிவியல் பேருக்குள்ளயே நம்ம சோலை உக்காந்திருக்கு. அம்மா கேட்டாங்க, "பாலக்காட்டு கணவாய்ன்னா நம்ம பல்லடம் பக்கம் காத்தாடி சுத்துதே, அந்த காத்து வர்ற ஓட்டையா?" ஆமாங்கம்மா அதேதான். ஆடி மாசம் நம்ம வீட்டுக் கதவை படார்னு சாத்துற காத்தும் இந்தக் குருவியை ரெண்டா பிரிச்சதும் ஒரே கணவாய்தான்னு எனக்கு 36 வயசுல ஒரு காட்டுக்குள்ள நின்னுட்டு தெரிய வந்தது.

இப்ப நம்ம ஆளு. மணி எட்டு இருக்கும், பாதை ஒரு சின்ன ஓடைக்கு இறங்குற இடம், ரெண்டு பக்கமும் குறிஞ்சி இனச் செடி அடர்த்தியா நெஞ்சு உயரம். நீலகிரி ஈப்பிடிப்பான் ஒண்ணு மேல கிளையில உக்காந்திருந்தது, ஊதா நீலம், அதைத்தான் நான் பைனாகுலர்ல பாத்துட்டு இருந்தேன். அம்மா என் முந்தானையை இழுத்தாங்க. பேசல, கையை மட்டும் கீழ காட்டினாங்க. என் முட்டி உயரத்துல, ரெண்டு மீட்டர்கூட இல்ல, ஒரு காஞ்ச தண்டு மேல அந்த ஆரஞ்சு. பைனாகுலரே வேண்டாம். பனித்துளி ஒண்ணு அது தலைமேல இருந்த எலை நுனில தொங்கிட்டு இருந்தது, விழுந்துச்சு, குருவி லேசா உதறிக்கிச்சு, அவ்ளோதான், நகரல. ஈப்பிடிப்பான்னு பேரே தவிர இது மத்த ஈப்பிடிப்பான் மாதிரி மேல பறந்து பறந்து பிடிக்கறதை அதிகம் பாக்கலீங்க, தாழ்வா உக்காந்து தரையையே உத்துப் பாக்குது. தலையை ஒரு பக்கம் சாச்சுது, அப்புறம் இன்னொரு பக்கம், பொத்துன்னு மக்கின எலை மேல குதிச்சுது, ஒரு எலையை புரட்டி உள்ள இருந்து புழுவை இழுத்துது, மறுபடி அதே தண்டுக்கு வந்து புழுவை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடிச்சுது. எங்கம்மா துணி செக்கிங்ல நூல் பிசிறை உதறுவாங்களே அதே வேகம். அடிச்சு முடிச்சுட்டு முழுங்கல. வாயில வச்சுட்டே "ச்சி...ரிரிர்"னு ஊசி மாதிரி மெல்லிசா ஒரு சத்தம் குடுத்துட்டு எங்களுக்கு இடது பக்க பெரணிக்குள்ள போச்சு.

நான் கேமராவை எடுத்துட்டேன். அது வெறும் வாயோட வெளிய வந்தது, திரும்ப அதே தண்டு. ரெண்டாவது தடவையும் புழு, அதே பெரணி. மூணாவது தடவை பெண் குருவி வந்துச்சு, அதுவும் ஏதோ ஒரு பூச்சியோட, ஆனா எங்களைப் பாத்ததும் உள்ள போகல, ஓரமா உக்காந்து "ச்சிட் ச்சிட்"டுன்னு வெட்டி வெட்டி கத்த ஆரம்பிச்சுது. தம்பி உடனே என் தோள்கிட்ட வந்து ரகசியமா சொன்னார், "அக்கா, கூடு இருக்கு உள்ள. காஞ்ச எலை, பெரணி வச்சு பந்து மாதிரி தாழ்வாவே கட்டும், முட்டை வெறும் ரெண்டுதான் வைக்கும். நாம நிக்கற இடம் அது போற வழி. பின்னாடி போயிடலாம்." எனக்கு அப்ப வரைக்கும் ஒரு நல்ல போட்டோகூட கிடைக்கல, வெளிச்சம் கம்மி, எல்லாம் கலங்கலா வந்திருந்தது. இன்னும் அஞ்சே நிமிஷம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குள்ள அம்மா திரும்பிட்டாங்க, கைக்கோலை ஊனிட்டு மெதுவா ஏற ஆரம்பிச்சுட்டாங்க. "பிள்ளைங்க பசியா இருக்கும் கண்ணு, வா போலாம்"னாங்க. கேமராவை மூடிட்டேன். இருபது அடி மேல போய் திரும்பிப் பாத்தோம், பெண் குருவி டக்குனு பெரணிக்குள்ள போயிடுச்சு. நாங்க வழியை விடத்தான் அது காத்துட்டு இருந்திருக்கு.

நான் இந்த கைடுக்கு குடுத்த காசு பூரா அந்த ஒரு வார்த்தைக்குத்தான். கஸ்டமர் காசு குடுத்திருக்காங்க, கேமரா கையில இருக்கு, குருவி கண்ணு முன்னாடி இருக்கு, அந்த நேரத்துல பின்னாடி போலாம்னு சொல்றதுக்கு ஒரு கைடுக்கு எவ்ளோ தைரியம் வேணும். நல்ல ரிவ்யூ போயிடுமோ, டிப்ஸ் போயிடுமோன்னு யோசிக்காம சொன்னார். டீ குடிக்கறப்ப கேட்டேன், ஸ்பீக்கர் போடாததால பிசினஸ் போகலையான்னு. போகுதுக்கான்னார். கேமராவோட வர்றவங்க நிறைய பேரு லிஸ்ட் வச்சுட்டு வர்றாங்க, ஒரே நாள்ல அத்தனையும் வேணும், இல்லைன்னா அடுத்த தடவை வேற கைடு. "ஆனா இந்த ஓடைல இந்த ஜோடியை நான் ரெண்டு வருஷமா பாக்கறேன்க்கா, அது இங்கயேதான் இருக்கும், எங்கயும் போகாது, நானும் இங்கயேதான் இருக்கப் போறேன்." அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல.

காட்டைப் பத்தியும் சொன்னார். இந்தக் குருவிக்கு வேண்டியது மேல மரக்கூரை, கீழ அடர்ந்த புதர், தரையில மக்கின எலை, இந்த மூணும். வெள்ளைக்காரன் காலத்துல விறகுக்கும் தோல் பதனிடவும்னு கொண்டாந்து நட்ட சீகை மரம் (இங்கிலீஷ்ல வாட்டில்), தைல மரம், அப்புறம் டீ தோட்டம்னு போய் சோலை எல்லாம் துண்டு துண்டா ஆயிடுச்சு. சீகைத் தோப்பு தூரத்துல இருந்து பாத்தா பச்சைப்பசேல்னுதான் இருக்கும், டூரிஸ்ட் அதையும் காடுன்னு நினைச்சுதான் போட்டோ எடுக்கறாங்க, நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். திரும்பி வர்றப்ப வண்டியை நிறுத்தி ஒரு தைலத் தோப்புக்குள்ள பத்து அடி கூட்டிட்டுப் போனார். கால் வச்சா மொறுமொறுன்னு காஞ்ச பட்டை, கீழ புதரே இல்ல, ஒரு சத்தமும் இல்ல. அரை மணி நேரம் முன்னாடி அந்த சோலைல கேட்ட அத்தனை குரல் காதுல இருக்கறப்பவே இந்த அமைதியைக் கேட்டது எனக்கு நெஞ்சை அடைச்ச மாதிரி ஆயிடுச்சு. வேற எந்த கைடும் ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு கூட்டிட்டுப் போய் காட்ட மாட்டாங்க.

சேஃப்டி விஷயம். கோத்தகிரி பக்கம் காட்டெருமை சர்வ சாதாரணம், கரடியும் இருக்கு. நாங்க வெளிய வர்ற வழில டீ தோட்ட ஓரமா மூணு காட்டெருமை நின்னுச்சு, ஒண்ணு கன்னோட. தம்பி கையை நீட்டி எங்களை நிறுத்திட்டு, பேசாம பின்னாடி வந்து மேட்டு மேல உக்கார வச்சுட்டார். இருபத்தஞ்சு நிமிஷம். அதுங்களா நகர்ந்து போற வரைக்கும் கல்லு விடல, கத்தல. லேட் ஆச்சேன்னு எக்ஸ்ட்ரா காசும் கேக்கல. அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துல அம்மா அவர்கிட்ட படுக வீட்டு அவரைக்குழம்பு எப்படி வைக்கறதுன்னு முழுசா கேட்டு வாங்கிட்டாங்க.

இப்ப அந்த அரை மார்க். அவர் குடுத்த ரெண்டு பைனாகுலர்ல ஒண்ணு நல்ல 8×42, தெளிவா இருந்துச்சு. அம்மாவுக்குக் குடுத்தது பழசு, ஒரு பக்கம் உள்ளயே பனி பிடிச்சு மங்கலா இருந்தது, வெயிட்டும் ஜாஸ்தி, கழுத்து வலிக்குதுன்னு பாதில கழட்டிட்டாங்க. வயசானவங்க வர்றாங்கன்னு தெரிஞ்சா லேசான ஒண்ணு வச்சிருக்கணும், இதை அவர்கிட்டயே சொன்னேன், வாங்கப் போறேன்னார். இன்னொண்ணு, கடைசில அவர் வாட்ஸப்ல அனுப்பின பறவை லிஸ்ட். 31 பறவை, ஈபேர்ட்னு பறவை பாத்ததை பதிவு பண்ற வெப்சைட்ல ஏத்தினது, அருமையான விஷயம், ஆனா பூரா இங்கிலீஷ். காட்டுக்குள்ள சிரிப்பான், சோலக்கிளி, ஈப்பிடிப்பான்னு வாய் நிறைய தமிழ்ல சொல்லிக் குடுத்தவர் லிஸ்ட்டை மட்டும் அம்மாவால படிக்க முடியாத மாதிரி அனுப்பிட்டார். நான் ராத்திரி உக்காந்து ஒரு நோட்டுல தமிழ்ல எழுதிக் குடுத்தேன், அம்மா அதை பூஜை ரூம் அலமாரில வச்சிருக்காங்க. அந்த லிஸ்ட்டை டைப் பண்ணி அவருக்கும் அனுப்பிட்டேன், இனிமே வர்றவங்களுக்கு குடுக்கட்டும்.

போறவங்களுக்கு கொஞ்சம் விவரம். வண்டில போறீங்கன்னா நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம், 2024 மே மாசத்துல இருந்து இருக்கு, ஆன்லைன்ல எடுத்துட்டே கிளம்புங்க. நாங்க அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியா போனோம், மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், ஊட்டி ரோட்டை விட கூட்டம் கம்மி. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு போகாதீங்க, மாவட்டம் பூரா தடை, ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டுப் போங்க. மழை பெஞ்சிருந்தா சோலைக்குள்ள அட்டை இருக்கும், அதுக்குன்னு இருக்கற நீள சாக்ஸ் அவர்கிட்ட இருக்கு, கேட்டா தருவார். நடக்கற தூரம் மொத்தமே மூணு கிலோமீட்டர்கூட வராது, ஓடைக்கு இறங்கற ஒரு இடம்தான் சறுக்கும். சின்னப் பசங்களை கூட்டிட்டுப் போறதுன்னா அமைதியா நிக்கத் தெரிஞ்ச வயசுல கூட்டிட்டுப் போங்க. நடை முடிஞ்சு டவுன்ல ஒரு டீக்கடைல சூடா டீயும் வர்க்கியும் வாங்கித் தந்தார், அது அவர் செலவு, நாங்க குடுக்கறோம்னு சொல்லியும் விடல.

மார்ச்ல இருந்து மே வரைக்கும் இந்தக் குருவிங்க கூடு கட்டுற நேரம். அப்ப எந்த மலையில எந்த கைடோட போனாலும் சரி, புக் பண்றதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் போடுவீங்களான்னு தயவு செஞ்சு கேளுங்க, போடுவோம்னா வேண்டாம்னு சொல்லிட்டு போனை வச்சுடுங்க. நாம பத்து பேரு கேட்டா அவங்களும் மாறுவாங்கன்னு நான் நம்பறேன்.

நாங்க அடுத்து நவம்பர்ல போறோம், அதே தம்பிகிட்ட சொல்லி வச்சாச்சு. காஷ்மீர்ல கூடு கட்டிட்டு குளிருக்கு நீலகிரி வரைக்கும் பறந்து வர்ற காஷ்மீர் ஈப்பிடிப்பான்னு ஒண்ணு இருக்காம், அதைத் தேடிப் பாக்கணும். லேசான பைனாகுலர் வாங்கிட்டாரான்னு போன வாரம் அம்மா போன் பண்ணி கேட்டாங்க. வாங்கிட்டாராம்.